இலை அள்ள வராத வண்டி

போன வாரம் பென்ஷன் விஷயமாக வார்டு ஆபீசுக்கு வந்தேன். வந்த காலோடு, காலையில் வேலைக்கு வந்ததாக ஹாஜரி கொடுக்க எல்லாரும் நிற்கும் தகரக் கொட்டகையையும் எட்டிப் பார்த்தேன். என் வாழ்நாளில் பாதி அங்கேதான் நின்றிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் அன்றைக்கு வரிசையில் நின்றிருந்தீர்கள். என்னை உங்களுக்குத் தெரியாது. தெரு கூட்டுகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆன முனியம்மா நான்தான்.

அப்போது கலா வந்தாள். உங்களில் ஒருத்தி, "மோரி மேடம் வந்துட்டாங்க, வழி வுடுங்கடி" என்றாள். இன்னொருத்தி, "கை கழுவிக்கினாங்களான்னு கேட்டுட்டு டீ குடுடி" என்றாள். எல்லாரும் சிரித்தீர்கள். கலா காதில் விழாத மாதிரி மெஷினில் முகத்தைக் காட்டிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவளுக்குத்தான் இன்னும் கேவலம். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் போனவள் இல்லை நான். கன்னட எழுத்தைப் பஸ் போர்டில் பார்த்தும், தமிழ் எழுத்தைத் தினக் காலண்டரில் பார்த்தும் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். அதனால் எனக்கு மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

கலாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் சொன்னாள்: "எழுதுக்கா. வேல போச்சுன்னா போவட்டும். நான் பண்ணத அதுங்க பண்ணாம இருந்தா போதும்."

மேட்டுச் சாலையை இப்போது பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது நம்பிக்கையாக இருக்காது. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். வயதான மரங்கள். இந்தப் பக்கத்துக் கிளையும் அந்தப் பக்கத்துக் கிளையும் மேலே போய்க் கட்டிக்கொண்டு நிற்கும். சித்திரை வெயிலிலும் அந்தச் சாலையில் தலைக்குத் துணி போடாமல் கூட்டலாம். நடுநடுவே புங்கை மரங்கள். சாலையின் இரண்டு ஓரமும் கல் பலகை போட்டு மூடிய மோரி, மழைத் தண்ணீர் ஓடும் சாக்கடை. அந்த மோரித் தண்ணீர் சரிவில் இறங்கி ஸ்ரீராம்புரம் பக்கம் நம்முடைய சந்துகளைத் தொட்டுக்கொண்டுதான் பெரிய கால்வாய்க்குப் போகும். மேலே பங்களா வீடுகள், கீழே நாம். மேலே கூட்டுகிறவர்களும் கீழே குடியிருக்கிறவர்களும் ஒரே ஆட்கள்தான். இது நினைவில் இருக்கட்டும்.

மாசி, பங்குனியில் அந்த மரங்கள் இலை கொட்டும். தூங்குமூஞ்சி இலை பொடிப்பொடியாக, டீத்தூள் மாதிரி இருக்கும். துடைப்பத்துக்கு அடங்காது. புங்கை இலை நனைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு தட்டு மாதிரி ஆகிவிடும். நாங்கள் கூட்டிக் குவிப்போம். வண்டி வந்தால் ஏற்றுவோம். வராவிட்டால் தீக்குச்சி. அந்தக் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அந்தப் புகை முதலில் எங்கள் நெஞ்சுக்குள்தான் போகும். ஆகையால், இலை கொளுத்தக் கூடாது என்று சட்டம் வந்தபோது என்னைவிடச் சந்தோஷப்பட்டவள் யாரும் இல்லை.

வெயில் கண்டபடி ஏறுகிறது, மழை கண்டபடி பெய்கிறது, அதனால் நம் வார்டு பசுமை வார்டாக மாறப்போகிறது என்றார்கள். ஷாமியானா போட்டார்கள். பெரிய மனிதர்கள் நிழலில் உட்கார்ந்தார்கள். நாங்கள் வெயிலில் வரிசையாக நின்றோம். வலது கையை முன்னால் நீட்டச் சொல்லி, மைக்கில் ஒருவர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம். இலையைக் கொளுத்த மாட்டோம். மரத்தைக் காப்போம். மழைத் தண்ணீர் போகும் வழியைச் சுத்தமாக வைப்போம். ஏரியை மீட்போம். நான் உரக்கச் சொன்னேன். வெறுமனே வாயசைக்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையாகவே இருந்தது. இந்த ஊரைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டு, ஊரைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கிறார்களே என்று.

பார்க்கில் குழிகள் வெட்டி, இலையை அதில் போட்டால் எருவாகும் என்றார்கள். குழி நிறைந்த பிறகு, இலை கொட்டுகிற மாதங்களில் தினமும் ஒரு டிப்பர் வரும், ஊருக்கு வெளியே கொண்டுபோகும் என்றார்கள். மேட்டுச் சாலையின் முதல் மரத்தில் ஒரு பச்சைப் போர்டும் கட்டினார்கள்.

குழிகள் சீக்கிரமே நிறைந்தன. டிப்பர் கொஞ்ச நாள் வந்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வரவில்லை. நான் ஆபீசில் போய் நின்றால், "மேலே பேசியிருக்கோம்மா" என்பார்கள். மூட்டை கட்டி வைக்கச் சாக்காவது கொடுங்கள் என்றேன். அதற்கும் மேலே பேசினார்கள்.

அந்தச் சாலையைக் கூட்டுவது கலாவின் வேலை. அப்போது அவள் பர்மனென்ட் ஆகவில்லை. லிஸ்டில் பெயர் போயிருந்தது, ஆர்டர் வர வேண்டியிருந்தது. வீட்டில் அவளும், நைனா என்று அவள் கூப்பிடும் அப்பாவும்தான். மில்லில் வேலை பார்த்தவர். ஒரு பக்கம் கை கால் விழுந்து கட்டிலோடு கிடந்தார். அவள் சம்பளத்தை நம்பித்தான் அந்த வீடு.

வண்டி நின்றுபோன புதிதில் ஒருநாள் கலா பழக்கதோஷத்தில் ஒரு குவியலைக் கொளுத்திவிட்டாள். காலையில் வாக்கிங் வருகிற பெரியவர் ஒருவர் அதைப் போனில் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பினார். அவரும் தமிழர்தான். அப்பா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து இங்கே தங்கிய குடும்பம். கெட்டவர் இல்லை. அந்த மரங்கள்மேல் அவருக்கு உயிர். ஒவ்வொரு மரத்தையும் தொட்டுவிட்டுத்தான் நடப்பார். ஆனால் அந்தப் படத்தால் கலாவுக்கு ஆப்சென்ட் போட்டார்கள். இன்னொரு தடவை நடந்தால் பர்மனென்ட் ஆகிறவர்களில் உன் பெயர் இருக்காது என்றார்கள்.

மறுநாள் கொட்டகையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கொளுத்தக் கூடாது. குவிச்சா காத்துல பறக்குது, திட்றாங்க. வூட்டு கேட்டாண்ட வெச்சா நாய் மாதிரி தொரத்தறாங்க. இன்னா பண்றதுக்கா? வாயில போட்டு முழுங்கட்டுமா?"

"முழுங்கறதுக்கு அது இன்னா கேசரிபாத்தா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"குவிச்சு வை. திட்டினா என் பேரச் சொல்லு. நான் போய் வண்டிக்குச் சண்ட போடறேன்" என்றேன். சண்டையும் போட்டேன். வண்டி வரவில்லை. ஆனால் சில நாளில் மேட்டுச் சாலை சுத்தமாக இருந்தது. புகையும் இல்லை, குவியலும் இல்லை. பார்க்கில் ஏதாவது குழி காலியாகியிருக்கும், அங்கே கொண்டுபோய்ப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆபீசில் அவளைப் பாராட்டினார்கள்.

சித்திரையில் ஒரு மத்தியானம். மதிய ஹாஜரிக்குக் கொட்டகையில் நின்றிருந்தோம். வானம் திடீரென்று இருட்டி, தகரத்தின்மேல் கல் கொட்டுகிற மாதிரி மழை பிடித்தது. எல்லாரும் உள்ளே நெருக்கிக்கொண்டு, வெயில் தணிந்ததே என்று பேசிக்கொண்டிருந்தோம். கலா மட்டும் வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மோரிக்குள் இறங்காமல் சாலையின் மேலாகவே சரிவில் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, மோரி" என்றாள். "அக்கா, எங்க நைனா."

ஓடினாள். நானும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு, வலுவான இரண்டு பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

சந்து முனைக்கு வந்தபோது உள்ளே இடுப்பளவு தண்ணீர். ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கலாவின் வீடு சந்தின் கடைசியில், பள்ளத்தில். நாய் உள்ளே போகாமல் இருக்க, வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டுதான் போவாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. அவள் நிற்காமல் தண்ணீருக்குள் இறங்கி வீட்டுப் பக்கம் போனாள்.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைக் கவனியுங்கள். அவள் பின்னால் போகத்தான் என் கால் துடித்தது. போகவில்லை. கதவு உள்பக்கம் திறக்கும் கதவா, வெளிப்பக்கமா எனக்குத் தெரியாது. அவ்வளவு தண்ணீர் அழுத்தும்போது எந்தக் கதவும் சுலபத்தில் திறக்காது. முதலில் தண்ணீர் இறங்க வேண்டும். சந்து முனையில் மோரியின் இரும்புக் கிராதி இருந்தது. நாங்கள் மூன்று பேரும் கடப்பாரையைக் கொடுத்துக் கல்லை நெம்பினோம். நான் குப்புறப் படுத்துக் கையை விட்டேன்.

இலை. தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கிற இலை கையில் வழுக்கிக்கொண்டு வரும். இது அப்படி இல்லை. அப்பம் மாதிரி இறுகிக் கிடந்தது. மேலே எங்கேயோ காலால் மிதித்து மிதித்து அடைத்த இலை, அப்படியே கட்டியாக நகர்ந்து வந்து கிராதியில் உட்கார்ந்திருந்தது. என் கைக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, மேட்டுச் சாலை ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்று.

கட்டி கட்டியாக இழுத்துப் போட்டோம். ஒரு கட்டத்தில் தொண்டை அடைப்பு விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

நான் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. பூட்டும் சாவியும் கலாவின் கையில் இருந்தன. அவளுடைய நைனா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தார். இதற்குமேல் அந்த வீட்டைப் பற்றி எழுத மாட்டேன்.

மறுநாள் காலை. வீட்டுத் தரையெல்லாம் சேறு. அதனால் அவரை வெளியே சந்திலேயே பெஞ்சில் கிடத்தி, மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். கலா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வார்டு இன்ஜினியர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். வாக்கிங் பெரியவரும் குடையோடு இறங்கி வந்திருந்தார். அவர் நம் சந்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"சார், இவங்கதான் இலைய மோரிக்குள்ள தள்றாங்க. என் கண்ணால பாத்திருக்கேன்" என்று பெரியவர் இன்ஜினியரிடம் சொன்னார்.

"யாரு?"

"அது தெரியல. முகத்துல துணி கட்டிண்டிருப்பா."

இன்ஜினியர் என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூப்பிட்டார். கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார். "நோடு, பாரு மேஸ்திரி, காலையிலேர்ந்து போன் மேல போன். உயிர் போயிருக்கு. சாயங்காலத்துக்குள்ள நான் ரிப்போர்ட் கொடுக்கணும். ரெஜிஸ்டர்ல யார் பேர் இருந்தாலும், தள்ளினது யாருன்னு நீ சொன்னாத்தான் ரிப்போர்ட் நிக்கும். ஒரு பேர் சொல்லு. ஒரே ஒரு பேர்."

"வண்டி வரல சார். எத்தன தடவ வந்து கேட்டேன்? குழிய வந்து பாருங்க, நெறஞ்சி கெடக்குது."

"அது வேற பைல் அம்மா. அத இதுல எழுத முடியாது. இலை மோரிக்குள்ள எப்படி வந்துச்சு? அதுக்கு ஒரு ஆள் வேணும். இல்ல, ஒரு காரணம் வேணும்."

"வண்டிதான் சார் காரணம்."

"வண்டி விஷயம் என்கிட்ட இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். பேனா கையிலேயே இருந்தது.

பெயரைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவள் வேலை போகும். சொந்த அப்பன் சாவுக்கு அவள்மேலேயே கேஸ் வரும். பேப்பரில் வரும். இந்தச் சந்தில் இனிமேல் யார் முகத்தில் விழிப்பாள்? யாரும் இல்லை, தெரியாது என்று சொன்னால், மொத்தக் கூட்டத்தையும் நிறுத்திவிட்டு வேறு ஆள் வைப்பார்கள். பெண்கள் எல்லாரும் தூரத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலா மட்டும் பார்க்கவில்லை. அவள் தன் நைனாவின் காதுக்குள் இருந்த சேற்றை முந்தானையால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் நிமிர்ந்து மேட்டுப் பக்கம் பார்த்தேன்.

"மரம் சார்" என்றேன். "மரம் கொட்டுது. மழை தள்ளிக்கினு வருது. வேற ஒண்ணும் இல்ல."

அவர் பேனா உடனே ஓடியது. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மரம் அவர் பக்கத்து ஆளும் இல்லை, என் பக்கத்து ஆளும் இல்லை. பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தார்ப்பாய்க்குக் கீழே பார்த்தார். சொல்லாமல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

கருமாதி முடிந்து கலா வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் ரம்பம் வந்தது. கிளை கழிக்கப் போகிறோம், மோரி அடைக்காமல் இருக்க, ஜனங்களுடைய உயிரைக் காப்பாற்ற என்றார்கள். காலையில் கிளை கழித்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு எதைக் கிளை என்றார்களோ தெரியவில்லை, மரங்கள் கம்பம் மாதிரி நின்றன. சில நாளில் கம்பங்களும் ஆபத்து என்று அடியோடு எடுத்துவிட்டார்கள். பருந்துக் கூடு ஒன்று சாலையில் விழுந்தது. அதையும் நாங்கள்தான் கூட்டினோம். முதல் மரத்தை அறுப்பதற்கு முன்னால் அந்தப் பச்சைப் போர்டைப் பத்திரமாக அவிழ்த்து, விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். நான் இன்ஜினியரிடம் ஓடினேன்.

"சார், இது இன்னா அநியாயம்?"

"மேஸ்திரி, நீதானே மரம்னு சொன்னே?"

அன்றைக்குக் கிளைகளை ஏற்ற வண்டி வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது.

வாக்கிங் பெரியவர் நடைபாதையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "முனியம்மா, நீ அன்னிக்கு மரம்னு சொன்னப்பவே எனக்குத் திக்குனு இருந்துது. வாயத் திறக்காம போய்ட்டேன், தப்பு பண்ணிட்டேன்மா" என்றார்.

"உங்களுக்கு அந்தப் பேர் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்களா அய்யா?"

ஏமாற்றாமல் பதில் சொன்னார். "சொல்லியிருப்பேன்மா."

"அதான் அய்யா, மரம்னு சொன்னேன்" என்றேன். அதற்குப் பிறகு அவரை அந்தச் சாலையில் நான் பார்க்கவில்லை.

கலா ரம்பச் சத்தத்துக்குக் காதைப் பொத்தாமல், அறுத்து விழுவதை எல்லாம் நின்று பார்த்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"அக்கா, என் பேரச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ இங்க நின்னு இத பாத்துக்கினு இருக்க மாட்ட."

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றாள்.

நான் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். திரும்ப அதே இடத்தில் நிறுத்தி, பேனாவைக் காட்டி, ஒரு பெயர் சொல் என்றால் இன்றைக்கும் அந்தப் பெண்ணைக் கொடுக்க மாட்டேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஜெயித்தேன் என்றும் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷ மழையில் சந்துக்குள் மறுபடியும் தண்ணீர் வந்தது. மோரியில் ஓர் இலைகூட இல்லை. பிளாஸ்டிக்கும் கட்டட மண்ணும் இருந்தன. அதைக் கொண்டுபோகவும் வண்டி வந்திருக்கவில்லை. கலாவுக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அதே சாலையைத்தான் கொடுத்தார்கள். சித்திரையில் அங்கே கூட்டிப் பாருங்கள். தார் செருப்பில் ஒட்டும். போன வருஷம் ஒரு பெண் நடுச்சாலையில் மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டுபோய்ப் போட நிழலைத் தேட வேண்டியிருந்தது.

உங்கள் வார்டில் அடுத்த வாரம் மறுபடியும் ஷாமியானா போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். புது உறுதிமொழி, புதுப் போர்டு. கையை நீட்டச் சொல்வார்கள். நீட்டுங்கள். அவர்கள் சொல்லச் சொல்லும் விஷயத்தில் தப்பில்லை. புகை வேண்டாம்தான், மரம் வேண்டும்தான், ஏரி வேண்டும்தான். ஆனால் நீட்டுவதற்கு முன்னால், மைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள்: வண்டி எங்கே? எந்த வண்டி, ஓட்டுகிறவர் யார், வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? ஒருத்தி கேட்டால் அவள் முகத்தைக் குறித்துக்கொள்வார்கள். எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்கத் தோன்றாமல் பெருமையில் நின்றிருந்தேன். பிறகு தனியாகப் போய்க் கேட்டபோது அது வேறு பைல் ஆகிவிட்டது.

அப்படியும் வராவிட்டால் இலையைக் கொளுத்தாதீர்கள். மோரிக்குள் தள்ளாதீர்கள். சாக்குச் சாக்காகக் கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் குவியுங்கள். ஆப்சென்ட் போடட்டும். திட்டட்டும். உங்கள் கண்ணுக்கு மறைந்த தண்ணீர் யார் வீட்டு வாசலில் போய் வெளியே வரும் என்று உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் கேலி செய்கிற அந்த வேலையைக் கலா ஏன் செய்கிறாள் என்று இப்போது தெரிந்திருக்கும். தினமும் அந்தச் சாலையைக் கூட்டி முடித்ததும், சரிவு முனைக்குப் போய், கல் இடுக்கில் தோள்வரை கையை விட்டுத் துழாவிப் பார்க்கிறாள். அந்தச் சாலையில் மரமே இல்லை, இலை எங்கிருந்து வரும்? அது அவளுக்கும் தெரியும். கையை விடும்போது துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைப்பாள். அது எப்போதும் சரிந்து விழும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவள் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் கை வெளியே வருகிறவரைக்கும் ஒன்றும் பேச வேண்டாம்.